ஹாலில் இல்லாத வாட்ச்மேன்

கட்கி,
9 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சவரிமுத்து எழுதுவது.

இங்கே காது தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே உன் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கவேண்டும். வெள்ளம் வடிந்துவிட்டதாக உன் மகள் ஜான்சி போனில் சொன்னாள் என்று என் மகன் சுனில் சொன்னான். நானே போன் செய்திருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தால் முழுப் பேச்சும் என்னுடையதாகவே இருக்கிறது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். எதிராளி பேசுவது கேட்டால்தானே நடுவில் இடம் விட முடியும்? வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்கிறான் சுனில். கட்டைவிரலால் எழுதினால் அது கைநாட்டு. ஆகவே தபால்.

ஒரு செய்தி. போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒருவர் காத்திருந்தார். பெயர் கேஷவ். இங்கே புனேயிலேயே வானவடியில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறுகளில், செத்துப்போன இசைத்தட்டுகளை எழுப்பி உட்காரவைக்கும் கம்பெனி நடத்துகிறார். கையில் நம் ரெக்கார்டு! அத்தானும் ரவியும் நானும் 1972இல் ஆலை இன்ஸ்டிட்யூட் ஹாலில் வாசித்தோமே, அதேதான். ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் தையல் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே கிடந்ததாம்.

“நீங்க தமிழா?” என்றேன். என் இடது காதுப் பக்கம் வந்து, “தமிழ்தான் அங்கிள், பட் தோடா தோடா தான் வரும்” என்று கத்தினார். கொள்ளுத்தாத்தா கும்பகோணத்திலிருந்து புறப்பட்டவராம். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்ததில் இவர் கைக்கு “சாப்டாச்சா” மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த ரெக்கார்டை மறுபடி அச்சிடப் போகிறார். ஐந்நூறு பிரதி. ஒவ்வொன்றும் நூற்றெண்பது கிராம் கனம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இசையை எடை போட்டு விற்கும் காலம் வந்திருக்கிறது. அட்டையில் பெயர்கள் பழையபடியே: பியானோ லூர்துசாமி, பாஸ் ரவிசந்திரன், டிரம்ஸ் சவரிமுத்து, கட்கியின் வெள்ளைக்காரப் பெயரில் கிர்கி ட்ரியோ. அமெரிக்காவில் பியானோ முன் உட்காருகிறவர்கள் எல்லோரும் வாசித்துத் தீர்த்த எட்டு ஜாஸ் பாட்டுகளைக் கட்கியில் மூன்று பேர் வாசித்தது ஏன் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில் நம் பங்குக் கோயில் ஹாலில் வெளியீட்டு விழா. கட்கித் தமிழர் எல்லோரையும் கூப்பிடப்போகிறானாம் சுனில். “தாளம்னா எங்கப்பாவுக்கு இங்க பேரே கடிகாரம்” என்று அவரிடம் பெருமையடித்தான்.

அத்தானின் வாரிசாக நீ கையெழுத்திட வேண்டிய தாள் இத்துடன் இருக்கிறது. ஒலி சம்பந்தமான முடிவுகளை உயிரோடு இருக்கும் கலைஞரிடம் விடுவதாக அதில் ஒரு வரி வரும். அந்தக் கலைஞர் நான். தகுதி, உயிரோடு இருப்பது.

ஜான்சிக்கு என் ஆசீர்.

அன்புத் தம்பி,
சவரிமுத்து


பாளையங்கோட்டை,
24 ஜனவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் காதை என் முழங்கால் நலம் விசாரிக்கிறது. கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஜான்சி ஒரு தடவை சத்தமாகப் படித்தாள்.

வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. ஆள் சேதமில்லை. ரெக்கார்டு பிளேயர் மூழ்கிவிட்டது. ரெக்கார்டு மட்டும் சேறோடு கிடைத்தது. ஜான்சி நல்ல தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் வடாம் காயப்போடும் துணியில் விரித்து வைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் ரசம் ஊற்றலாம் போல் குழிந்து கிடந்தது. இத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருக்கிறாள். வெயில் என்றால் நல்லது என்று நினைத்துவிட்டாள். அழுதாள். நான் திட்டவில்லை.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டு உட்காருவேன். பாட்டுக்காக இல்லை. ஜாஸ் எனக்கு இன்றுவரை யாரோ பூட்டிய வீட்டு வாசலில் சாவியைத் தேடுகிற மாதிரிதான் கேட்கிறது. இவர் பேசுவதற்காகப் போடுவேன். வாசித்துக்கொண்டே வாய்க்குள் பேசுவாரே, அது முழுக்க அதில் விழுந்திருக்கிறது. “ஏலே சவரி, மெதுவாலே” என்பார். “எங்கலே ஓடுத?” என்பார். உனக்குத் தெரியாததா.

இவர் குரல் வேறு எங்கும் இல்லை, தம்பி. ஜான்சி கல்யாண வீடியோவில் நாலு இடத்தில் வாய் அசைகிறது. வீடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். செல்போன் வந்த காலத்தில் யாராவது கூப்பிட்டால், “இரும், தாரேன்” என்று என்னிடம் நீட்டிவிடுவார். இவர் போய்ப் பதிமூன்று வருடமாகிறது.

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே. உன்னிடம் பன்னிரண்டு பிரதி இருந்ததே, அதில் ஒன்று மிச்சமிருந்தால் அதுவரைக்கும் அனுப்பேன். பிளேயரை எங்கேயாவது பார்த்துக்கொள்கிறோம்.

காதை டாக்டரிடம் காட்டு. சுனிலுக்கு அன்பு.

அக்கா,
அந்தோணியம்மாள்


கட்கி,
21 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் குளிரைக் காரணம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் குளிர் போய்விட்டது. மற்றபடி சுகம். உன் சுகம் பற்றி எழுது.

ஜான்சியைத் திட்டாமல் விட்டது சரி. அப்பளமும் இசைத்தட்டும் வட்டம் என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. என்னிடம் இருந்த பிரதிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது சாமான்கள் இடம் மாறின. பார்க்கிறேன்.

அசல் டேப்பே மும்பையில் ஒரு கிடங்கில் கிடைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு வருடம் யாரும் அக்கறை காட்டாததால் புத்தம்புதிதாக இருக்கிறதாம். கேஷவிடம் ஒரு மென்பொருள் உண்டு. பாட்டுக்குள்ளிருந்து பியானோ தனி, பாஸ் தனி, டிரம்ஸ் தனி, மற்ற சப்தங்கள் தனி என்று பலாச்சுளை எடுப்பதுபோல் எடுத்துவைக்கிறது. மின்விசிறி, நாற்காலி, இருமல், இத்யாதி. முப்பத்தாறு வருடம் ஆலையில் பரிசோதகனாக இருந்தவன் நான். மயிரிழை கூடினாலும் சிவப்பு மையில் தள்ளுபடி. அந்த முறைப்படி, மற்ற சப்தங்களை நீக்குவதே நல்லது என்று சொல்லியிருக்கிறேன். ஜப்பானில்கூட வாங்குகிறார்களாம். நம் நாற்காலிச் சத்தம் அங்கே எதற்கு?

அட்டைக்காகக் கேஷவ் நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். ரவி வாசிக்காமல் விட்ட இடங்கள் “மௌனத்தின் இலக்கணம்” என்கிறார். ரவி அங்கெல்லாம் தளர்ந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். என் டிரம்ஸ் சில இடங்களில் வேகம் கூடுவது, காலனிய நேரக் கணக்கை மறுக்கும் கலகமாம். நான் சர்க்கார் ஆலையில் தினமும் ஏழு மணிக்கு அட்டை குத்தியவன். எந்த நேரக் கணக்கையும் மறுத்ததில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

அன்புடன்,
சவரி


பாளையங்கோட்டை,
2 மார்ச் 2024

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இரு.

மின்விசிறி போகட்டும். நாற்காலி போகட்டும். இருமல் ரவியுடையது, போசரிக்குப் போய் கனகவல்லியைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல். அவளுக்கும் புருஷனுடையது என்று அது ஒன்றுதான் இருக்கும்.

இத்யாதி என்றால் என்ன? ஆலையில் நீ “இத்யாதி” என்று எழுதி ஒரு பெட்டியை வெளியே அனுப்பியிருப்பாயா?

அக்கா


கட்கி,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். இங்கே வெயில் முப்பத்தொன்பது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். சுனிலின் ஸ்கூட்டர் மறுபடி ரிப்பேர். பெரிய வெள்ளியன்று பாடற்குழு முக்கால் மணி நேரம் பாடியதாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. செவிடாவதில் உள்ள சௌகரியங்களை யாரும் எழுதிவைப்பதில்லை.

அல்போன்ஸா வந்துவிட்டது, இன்னும் புளிப்பு. அங்கே நுங்கு கிடைக்கிறதா?

நீ கேட்டிருந்தது தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. அதைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சோதனைப் பிரதி ஒன்றை வாரிசு என்ற முறையில் உனக்கும் கூரியரில் அனுப்பப்போவதாகக் கேஷவ் சொன்னார். வேண்டாம், வயதானவர்களுக்குச் சிரமம் என்றேன். விதிமுறை என்கிறார். இந்தக் காலத்தில் விதிமுறையை மதிக்கிற ஒருவர் நமக்கு வாய்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சவரி


பாளையங்கோட்டை,
25 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நுங்கு கிடைக்கிறது.

சோதனைப் பிரதி வந்தது. ஜான்சி பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர் ரமா வீட்டில் பிளேயர் இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போனோம். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். ஏன் என்று ஜான்சி கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் கேட்டேன். மின்விசிறி இல்லை. நாற்காலி இல்லை. ரவியின் இருமல் இல்லை. இவரும் இல்லை.

“கண்ணாடி மாதிரி க்ளீனா இருக்கு ஆன்ட்டி” என்றாள் ரமா. இருக்கிறது. பியானோ தானாக வாசித்துக்கொள்கிறது.

ஜான்சி அங்கேயே கேஷவுக்குப் போன் போட்டாள், எனக்கும் கேட்கிறாற்போல்.

“எங்கப்பா நடுநடுவுல பேசுவாங்களே, அது எங்க?”

“அப்பாவா? நோ நோ மேடம். நானும் கேட்டேன், யார் வாய்ஸ்னு. சவரி அங்கிள் சொன்னாங்க, அது ஹாலோட வாட்ச்மேன். ஜன்னல் கிட்ட நின்னு யாரையோ திட்டினானாம். பஹுத் டிஸ்டர்பன்ஸ், நிகால் தோ, எடுத்துடுன்னு.”

ஜான்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். ரமா நல்ல காப்பி போடுகிறாள்.

அந்த ஹாலுக்கு வாட்ச்மேன் கிடையாது. சாவி அப்போது கட்கியில் நம் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அப்படியே ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொண்டாலும், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: அந்த வாட்ச்மேனுக்கு உன் பெயர் எப்படித் தெரிந்தது?

வெயிலில் அலையாதே.

அக்கா


கட்கி,
8 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம். அப்படியே வைத்துக்கொள்.

வாட்ச்மேன் விஷயம் ஞாபகப் பிசகாக இருக்கலாம். எழுபத்தாறு வயதில் நினைவில் சில பேர் அழைக்காமலே வந்து நிற்கிறார்கள்.

ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். உரித்தெடுத்த குரல் அழிந்துபோகவில்லை. கேஷவின் கம்ப்யூட்டரில் தனியாக இருக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் வாங்கி இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தோரு நிமிடம். அத்தான் மட்டும். பியானோ, டிரம்ஸ் எந்தத் தொந்தரவும் கிடையாது. நீ ஜாஸைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. உனக்கு வேண்டியது உன்னிடம், ரெக்கார்டும் சுத்தம். இருவருக்கும் நஷ்டமில்லாத முடிவு இதைவிட வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

பங்கு ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அக்கா. ஜப்பான்காரனுக்குப் புரியாதது அவர்களுக்குப் புரியும்.

அன்புடன்,
சவரி


பாளையங்கோட்டை,
23 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு நாளாக மழை. முழங்கால் அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

பென் டிரைவை ஜான்சி டிவியில் செருகினாள். திரை கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, “ம்… போவோம்” என்றார். எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. மறுபடி ஒன்றுமில்லை. “மெதுவாலே” என்றார். எதை மெதுவாக? அறைக்குள் எதுவும் ஓடவில்லை. ஒரு பெருமூச்சு. ஒன்றரை நிமிடம் அமைதி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு யாரையோ அதட்டினார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் இப்படித்தான் இருந்தார். சுவரைப் பார்த்து ரவியைக் கூப்பிடுவார், உன்னைக் கூப்பிடுவார், நிறுத்திவிடுவார். நீ வந்தபோது நினைவு இல்லை. அதனால் உனக்குத் தெரியாது. அதை நான் உனக்கு எழுதியதும் இல்லை.

ஜான்சி பாதியில் எழுந்து போய்விட்டாள். நாற்பத்தோரு நிமிடமும் நான் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பித்துவிட்டோமே என்று.

பாட்டுக்கு நடுவில் பேசும்போது அவர் என் வீட்டுக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே, இன்னும் முடிக்கவில்லையே என்று நான் வெளியே நின்று கோபப்படலாம். பாட்டை எடுத்துவிட்டால் அவர் நோயாளி. எனக்கு நோயாளி வேண்டாம்.

பென் டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரைப் பழைய இடத்தில் வைக்கச் சொல். நான் கேட்கத்தான் முடியும். தாளில் அதிகாரத்தை உனக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

அக்கா


(அஞ்சலட்டை)
பாளையங்கோட்டை,
12 ஜூன் 2024

தம்பிக்கு, பதில் இல்லை. 25ஆம் தேதி ரெக்கார்டு அச்சுக்குப் போகிறதென்று கேஷவ் ஜான்சியிடம் சொன்னாராம். அது கிடக்கட்டும். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? சுனில் போனை எடுக்கவில்லை. ஒரு வரி போடு. அக்கா.


கட்கி,
18 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சுனில் புதுப் போன் வாங்கி, பழைய நம்பரை அதற்கு மாற்றத் தெரியாமல் விழிக்கிறான். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

பன்னிரண்டு பிரதிகளும் வீடு மாறியதில் தொலையவில்லை. 1998இல் பங்கு இளைஞர் விழாவில் அந்த ரெக்கார்டைப் போடலாமா என்று கேட்டார்கள். மறுநாள் காலை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அட்டை வேறு, பிளாஸ்டிக் வேறு என்று அவர் பிரித்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன்.

நான் ஓடினேன், அக்கா. அன்று மட்டுமில்லை, எப்போதுமே. வாசிக்கும்போது எனக்கு அது தெரியாது. அத்தானும் ரவியும் பின்னால் இழுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அத்தான் முணுமுணுப்பார், எல்லோரிடமும் முணுமுணுப்பவர் என்று விட்டுவிடுவேன். ரெக்கார்டு வந்ததும் ரவி வீட்டில் போட்டோம். அன்றைக்குத்தான் வாசிக்காமல், வெளியாள் போல் உட்கார்ந்து கேட்டேன். எட்டுப் பாட்டு. எட்டிலும் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிறார். கேட்டு முடித்ததும் அத்தான், “நல்லாத்தான் இருக்கு, என்னலே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் குச்சியைத் தொடவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வாசிக்காதவன் தாளம் தப்புவதில்லை. இருபது வருடத்தில் கடிகாரம் என்று பெயர் வந்தது.

கேஷவுக்கு இன்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, சுனிலை நேரில் கொடுக்க வைத்தேன். அதைத் தமிழில் உனக்குத் தருகிறேன்:

“அன்புள்ள கேஷவ், அந்த ஹாலில் வாட்ச்மேன் யாரும் இல்லை. பூட்டியதும் திறந்ததும் பியானோ வாசித்தவரே. பேசுவதும் அவரே. திட்டு வாங்குவது நான். நீக்கிய குரல் முழுவதையும் அதன் இடத்திலேயே திரும்ப வைக்கவும். உங்களுக்குத் தமிழ் குறைவாக இருந்ததை நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். ஆகவே சரியான மொழிபெயர்ப்பு தருகிறேன், அட்டையில் அச்சிடவும். முதல் பக்கம் இரண்டாவது பாட்டில் அவர் சொல்வது, ‘ஏலே சவரி, மெதுவாலே.’ அடுத்ததில், ‘எங்கலே ஓடுத? ரயிலா நிக்கி?’ நான்காவதில் வெறும் பெருமூச்சு. அதுவும் என்னைப் பற்றியதே. இரண்டாம் பக்கத்து மெதுவான பாட்டில், ‘ரவி, நீராவது நில்லும்வே.’ கடைசிப் பாட்டில், ‘சரி, நீ முன்னால போ. நாங்க பொறவு வாரோம்.’ இருமல் ரவிசந்திரனுடையது, அதையும் வைக்கவும். காலனிய நேரம் பற்றிய உங்கள் வரி வேண்டுமானால் இருக்கட்டும். பக்கத்திலேயே உண்மை அச்சாகும்போது அதனால் கெடுதல் இல்லை.”

கேஷவ் சுனிலிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். “லெட்டர வாங்கினாரு அப்பா. ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம், ‘அங்கிள் சாப்டாச்சா’ன்னு கேட்டாரு” என்றான்.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆகவே இத்துடன் முடிக்கிறேன்.

சவரி


கட்கி,
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. அதைக் கணக்கில் வைக்காமல் எழுதுகிறேன். இங்கே மழை, சுகம்.

ஞாயிறு பத்து மணிப் பூசைக்குப் பிறகு விழா. பங்குச் சாமியார் ஜாஸ் பற்றிப் பேசினார். அவருக்கு அது தெரியாது என்பதை எட்டு நிமிடம் விரிவாகச் சொன்னாராம். கனகவல்லி போசரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு மேடையில் நாற்காலி. கேஷவ் ரெக்கார்டைப் போட்டார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசைக் கால்களைப் பார்த்தேன். ஏழெட்டுப் பாதங்கள் தாளம் போட்டன. நன்றாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று எல்லாம் ஒன்றாகத் தடுக்கி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டன. அந்த இடம் நான். அப்படிப் பதினாறு இடம் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது பாட்டில் ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு எனக்கும் கேட்டது. சுனில் மேடைக்கே ஓடிவந்து காதில், “அப்பா! மாமா உங்களுக்கு ஃபுல்லா டாண்ட் குடுத்துட்டே இருக்காரு நா!” என்றான். இந்தியில் திட்டு வாங்கினால் கொஞ்சம் வலி குறைவு. பிறகு சிரிப்பு நின்றது. பின்வரிசைகளில் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தக் குரலோடு ஆலையில் வேலை பார்த்தவர்கள். கேஷவ் பயந்துபோய் என்னைப் பார்த்தார், நிறுத்தவா என்று. வேண்டாம் என்றேன். கடைசிப் பாட்டை மறுபடி போடச் சொன்னார்கள். கனகவல்லி இருமல் வந்த இடத்தில் கையைத் தூக்கி, “எங்க வீட்டுக்காரங்க! எங்க வீட்டுக்காரங்க!” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அடையாளம் காட்டினாளாம்.

முடிந்து இறங்கும்போது பழைய ஃபிட்டர் ஒருவர் என் இடது காதைப் பிடித்துக்கொண்டார். “ஏம்பா கடிகாரம், அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருக்கியே, அதான் ஒருநாளும் ஆலைக்கு லேட்டா வரல!” பெயர் போகவில்லை. காரணம்தான் மாறியிருக்கிறது.

உன் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்காதே.

சவரி


பாளையங்கோட்டை,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதினாலும் அது மன்னிப்பு மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். நம் வீட்டில் அந்த வழக்கம் இல்லையே.

ரெக்கார்டு வந்தது. ஜான்சி ஒரு பிளேயர் வாங்கி அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். முதல் பாட்டிலேயே, “ம்… போவோம்” என்றார். போங்கள் என்றேன்.

இதுவரை நான் இவர் பேசும் இடங்களுக்காகக் காத்திருந்து கேட்டவள். இன்று முதல் தடவையாக உன் டிரம்ஸைக் கேட்டேன். அந்த மெதுவான பாட்டை மூன்று தடவை போடச் சொல்லி, மேசையில் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். நீ ஓடவில்லை, தம்பி. சீராகத்தான் போகிறாய். பின்னால் இழுப்பது இவர். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் ஆக்கின மனிதர், பியானோவில் மட்டும் என்ன வேகமாகவா இருந்திருப்பார்? நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவள் சொல்கிறேன். தான் பிந்தினால் முந்துகிறவனைத் திட்டுவது இவர் குணம்.

இதை ஜான்சியிடம் விசாரிக்க வேண்டாம். அவளும் கூட உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொல்கிறாள். கணக்கு டீச்சருக்குத் தாளம் என்ன தெரியும்?

அன்புடன்,
அக்கா